புதுப்பித்துத் தந்த கார்புரேட்டரில் காற்றுக்கசிவு: புகார்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கார்புரேட்டரின் த்ராட்டில் ஷாஃப்ட் (காற்றுவழித் தகட்டைத் திருப்பும் தண்டு) புஷ் (அத்தண்டைத் தாங்கும் உருளை வளையம்) மாற்றப்படாததால் எஞ்சின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாத நிலையில்) அணைந்துவிடுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நிறுவனத்தில் முழுமையாகப் புதுப்பிக்கக் கொடுத்துப் பெற்ற கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி) என் பழைய காரில் பொருத்தியது முதல், எஞ்சின் சூடேறிய பிறகு ஐடிலிங்கில் நிலைத்து ஓடுவதே இல்லை. நிமிடத்துக்கு 800 சுற்றில் சீராக ஓட வேண்டிய எஞ்சின், குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடுகிறது. இதைத் தெரிவித்தபோது, ஐடில் ஸ்க்ரூவைச் சற்று ஏற்றி வைக்கும்படி மட்டும் தங்கள் பணியாளர் கூறினார். காய்ச்சலுக்கு மருந்து கேட்டவனுக்குப் போர்வை கொடுத்தது போன்ற பதில் இது. அந்த ஸ்க்ரூவை ஏற்றினால் த்ராட்டில் தகடு கூடுதலாகத் திறந்து, அதன் விளிம்பை ஒட்டியுள்ள துளைகள் வழியாகவும் பெட்ரோல் வரத் தொடங்குகிறது. அதன்பின், ஐடிலிங்கில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் எஞ்சினில் மாற்றம் தெரிவதில்லை.

குறை காரில்தான் இருக்கும் என்று தாங்கள் கருதக்கூடும் என்பதால், மெக்கானிக்கைக் கொண்டு மற்றவற்றை முதலில் சோதித்துவிட்டேன். பாயிண்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், கம்ப்ரஷன் ஆகிய மூன்றும் கையேட்டில் உள்ள அளவிலேயே இருந்தன. காற்றுக்கசிவு உள்ள இடத்தில் கிளீனர் தெளித்தால் அது உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் ஓட்டம் மாறும்; ஆனால் மேனிஃபோல்ட் (கலவையை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லும் குழாய்) கேஸ்கட்டைச் சுற்றிலும் கார்புரேட்டரின் அடிப்பகுதியிலும் தெளித்தபோது ஓட்டத்தில் மாறுதல் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வேக்யூம் (எஞ்சினின் உறிஞ்சல்) குழாயை அடைத்துப் பார்த்தும் பயனில்லை. ஆனால் அதே கிளீனரை த்ராட்டில் ஷாஃப்டின் இரு முனைகளிலும் தெளித்த உடனே எஞ்சினின் வேகம் மாறியது. காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் ஓட்டம் சீராகிறது என்பதும், காற்று தேவைக்கு மேல் உள்ளே போவதையே காட்டுகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் வரை நிற்க வேண்டிய வேக்யூம் கேஜ் முள், 13-லேயே கிடந்தது. ஷாஃப்ட் முனைகளில் தற்காலிகமாகக் கிரீஸ் பூசி அடைத்ததும் அது 17-க்கு ஏறியது. எஞ்சினும் ஐடிலிங்கில் அணையாமல் ஓடியது. இதற்கு மேலும் சான்று தேவையா என்று தெரியவில்லை.

ஷாஃப்டை விரலால் அசைத்தாலே மேலும் கீழும் ஆடுகிறது. ஆயினும் தாங்கள் தந்த பில்லில் "ஷாஃப்ட் புஷ் மாற்றப்பட்டது" என்று எழுதி, அதற்குத் தனியாகக் கட்டணமும் பெற்றிருக்கிறீர்கள். கேஸ்கட்டுகள் புதியவை, வெளிப்புறமும் பளபளக்கிறது; ஆனால் நான் பணம் கொடுத்தது பளபளப்புக்காக அல்ல. என் காரின் பிரேக் சர்வோ (பிரேக் மிதியை அழுத்த உதவும் அமைப்பு) எஞ்சின் வேக்யூமை நம்பியே இயங்குவதால், ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் அணைந்தால் பிரேக் மிதியை அழுத்துவதே கடினமாகிவிடும். ஆகவே இதை வெறும் டியூனிங் குறையாகக் கருத இயலாது.

எனவே, கார்புரேட்டரைத் தங்கள் செலவில் திரும்பப் பெற்று, ஷாஃப்ட் துளைகளை ரீமர் செய்து (சீராகக் குடைந்து) புதிய புஷ் பொருத்தி, ஓடும் எஞ்சினில் ஐடிலிங் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும். தேய்ந்த துளையில் புதிய ஷாஃப்டை மட்டும் செருகித் தருவதை ஏற்க மாட்டேன். இது இயலாதெனில், பெற்ற தொகை முழுவதையும் மெக்கானிக் கூலியையும் திருப்பித் தர வேண்டும். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன். பில்லின் நகலையும், ஷாஃப்ட் ஆடுவதையும் கேஜ் அளவுகளையும் காட்டும் காணொளியையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்