ஒன்பதாம் வகுப்பு விவாத அரங்கு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நடத்தும் விவாத அரங்கு, டொமினிக்காவின் முன்னாள் பிரதமர் யூஜினியா சார்லஸ் பற்றியது. நம் ஊர்த் தலைவர்கள் இத்தனை பேர் இருக்க, இவர் எதற்கு என்று சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். நம் தலைவர்கள் என்றால் வீட்டில் பேசுவதைப் பிள்ளைகள் அப்படியே மேடையில் ஒப்பித்துவிடுவார்கள். இவரைப் பற்றி எந்த வீட்டிலும் கட்சி பிரிந்திருக்காது. சொந்தமாக யோசித்துத்தான் ஆக வேண்டும்.

டொமினிக்கா, கரீபியன் கடலில் சுமார் 750 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவு. (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. இணையத்தில் தேடும்போது பாதிப் பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள்.) 1919இல் பிறந்த சார்லஸ், அத்தீவின் முதல் பெண் வழக்கறிஞர். ஐம்பதை நெருங்கும் வயதில்தான் அரசியலுக்கு வந்தார். 1968இல் அரசை விமர்சிக்கும் எழுத்தை முடக்க ஒரு சட்டம் வந்தது. அதை எதிர்த்துக் கிளம்பிய கூட்டமே சார்லஸ் தலைமையில் டொமினிக்கா சுதந்திரக் கட்சியாக உருவெடுத்தது. 1980 தேர்தலில் 21 இடங்களில் 17ஐப் பிடித்தது, சார்லஸ் பிரதமரானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் டேவிட் புயல் தீவையே புரட்டிப் போட்டிருந்தது. மறு ஆண்டே, முன்னாள் பிரதமர் பாட்ரிக் ஜானை மறுபடி பதவியில் அமர்த்த அமெரிக்காவிலிருந்து ஒரு கூலிப்படை ஆயுதங்களோடு கிளம்பப் பார்த்தது. வாடகைக்குப் பேசிய படகோட்டியே தகவல் கொடுத்துவிட, நியூ ஆர்லியன்ஸ் அருகே பத்துப் பேர் பிடிபட்டார்கள். மூன்று தேர்தல்களில் வென்று 1995 வரை பதவியில் இருந்தார் சார்லஸ்.

விவாதம் 1983ஐப் பற்றியது. அந்த அக்டோபரில் அண்டைத் தீவு நாடான கிரெனடாவின் பிரதமர் மாரிஸ் பிஷப் சுட்டுக் கொல்லப்பட்டார். கிழக்குக் கரீபியன் நாடுகள் அமைப்பின் தலைவராக இருந்த சார்லஸ், அமெரிக்காவின் உதவியைக் கேட்டார். 25ஆம் தேதி காலை, வெள்ளை மாளிகையில் அதிபர் ரீகன் கிரெனடா மீதான படையெடுப்பை அறிவித்தபோது பக்கத்தில் நின்று செய்தியாளர்களுக்குப் பதில் சொன்னவர் இவர்தான். சில நாட்களில் ஐ.நா. பொதுச்சபை அந்தப் படையெடுப்பை 108க்கு 9 என்ற வாக்கில் கண்டித்தது. அண்டைத் தீவைக் காப்பாற்றினார் என்பது ஒரு கட்சி, வல்லரசை வாசலுக்கு அழைத்தார் என்பது இன்னொரு கட்சி. எனக்கு உறுத்துவது வேறு: முதல் சில நாட்கள் அமெரிக்க ராணுவம் செய்தியாளர்களைத் தீவுக்குள் விடவில்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அரசியலுக்கு வந்தவர் கேட்டு வாங்கிய படை அது. இதைப் பிள்ளைகளிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

யார் எந்தக் கட்சி என்பது அன்று காலை சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் குறிப்பு எடுத்து வரச் சொல்லுங்கள். தயவுசெய்து பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம், எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவருக்கு மூன்று நிமிடம். அரங்கு மதியம் இரண்டு மணிக்கு, பின்வரிசையில் பெற்றோருக்கு இடம் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்