உன் வேலை அந்தத் தாளில் இல்லை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

கிண்டி நிறுவனத்தின் அலுவலக வேலைக்காக நீ எழுதி அனுப்பிய பயோடேட்டாவைப் படித்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தையே தூக்கி நிறுத்திய என் மகளை இரண்டு பக்கத்திலும் தேடிப் பார்த்தேன், காணவில்லை. ‘அலுவலகப் பணிகள், தரவுப் பதிவு, ஒருங்கிணைப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நான்கு ஆண்டு உழைப்புக்கு அவ்வளவுதானா?

முதலில் அந்தக் குறிக்கோள் வாக்கியத்தை எடுத்துவிடு. ‘சவாலான சூழலில் என் திறமைகளை நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பயன்படுத்த விரும்புகிறேன்’ என்பது எல்லார் தாளிலும் இருக்கிறது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் நான் நிர்வாகம் பார்த்த காலத்தில், விண்ணப்பங்களைப் பிரித்துப் படிப்பது என் பொறுப்பாக இருந்தது. கட்டுக் கட்டாக வரும். அன்றாட வேலைக்கு நடுவே அவற்றிலிருந்து சிலரைப் பொறுக்கி மேலாளர் மேசையில் வைக்க வேண்டும். அந்த அவசரத்தில் நான் தேடியது ஒன்றைத்தான்: இந்தப் பெண் நாளை வந்து உட்கார்ந்தால் எந்தப் பதிவேட்டை நம்பி இவளிடம் கொடுக்கலாம்? அதற்குப் பதில் சொன்ன தாளைத் தனியே எடுத்து வைப்பேன். உன் தாள் அந்தப் பதிலைச் சொல்லவில்லை.

நிர்வாக வேலை ஒழுங்காக நடந்தால் யார் கண்ணிலும் படாது. சம்பளம் உரிய தேதியில் வந்துவிட்டால், அதற்கு முன்னால் விடுப்புக் கணக்கைச் சரிபார்த்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் தங்கள் உழைப்பைத் தாங்களே குறைத்துச் சொல்லப் பழகிவிடுகிறார்கள். நீயும் அப்படி ஆகிவிட்டாயோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரவில் போனில் நீ சொன்னதையெல்லாம் நினைத்துப் பார். 62 பேரின் வருகைப் பதிவை நீதான் பார்த்தாய். 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களை இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குத் தனியே பிரித்தாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டையும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதால், 10ஆம் தேதியே ஆடிட்டருக்குப் பட்டியல் போய்விடும் என்பாய். சரக்கு வண்டி வாசலில் நிற்க, சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவாய். சில்லறைச் செலவு ரொக்கத்தை மாலையில் எண்ணி வைப்பது, வரும் தபால், போகும் தபால் பதிவேடுகள், ஏ.சி.க்கும் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று நாட்காட்டியில் குறித்து வைப்பது எல்லாம் உன் கையில்தான் இருந்தன. இவற்றில் ஒன்றுகூடத் தாளில் இல்லையே!

இப்படிச் செய். ஆங்கிலத்தில் எழுத உட்காருவதற்கு முன்னால், காலையில் அலுவலகக் கதவைத் திறந்ததிலிருந்து மாலை வரை என்னென்ன செய்தாய் என்று எனக்குச் சொல்வதுபோலத் தமிழில் எழுது. பிறகு அதிலிருந்து ஆறேழு வரிகளைப் பொறுக்கி ஆங்கிலத்தில் எழுது. ஆங்கிலத்தில் நேராகத் தொடங்கினால் யாரோ எழுதி வைத்த வாக்கியங்கள்தான் கைக்கு வரும். ‘வருகைப் பதிவு பராமரிப்பு’ என்று நிறுத்தாமல், ‘62 பணியாளர்களின் வருகை, விடுப்பு, கூடுதல் நேரக் கணக்கைச் சரிபார்த்து, மாதச் சம்பளப் பட்டியலுக்கான விவரங்களைத் தயாரித்தேன்’ என்று எழுது. எத்தனை பேர், எத்தனை பில், எந்தத் தேதிக்குள் என்பது வந்துவிட்டால் படிப்பவருக்கு வேலையின் அளவு புரிந்துவிடும். எண்ணிக்கை சரியாக நினைவில்லாத இடத்தில் எண் போடாதே.

டாலி கணக்கு மென்பொருள் விஷயத்தில் கவனமாக இரு. ‘டாலி, ஜி.எஸ்.டி. முழு அனுபவம்’ என்று எழுதியிருக்கிறாய். வவுச்சர் பதிவதும், வங்கிக் கணக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதும் நீ செய்தவை. 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்ய வேண்டும் என்று விற்பனைப் பட்டியலைத் திரட்டிக் கொடுத்ததும் நீதான். ஆனால் தாக்கல் செய்தவர் ஆடிட்டர். ‘பட்டியல் தயாரித்தேன்’ என்றே எழுது. அதுவே மதிப்புள்ள வேலைதான். எக்ஸலும் அப்படியே. ‘நிபுணர்’ என்று போட்டால் ஒரு தாளைத் திறந்து, தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போடச் சொல்வார்கள். உனக்குப் பட்டியலில் தேடி எடுக்கும் வீலுக்கப், பிவட் டேபிள், வடிகட்டிப் பிரிப்பது எல்லாம் நன்றாக வரும். அவற்றைப் பெயர் சொல்லியே எழுது.

தட்டச்சுச் சான்றிதழை ஏன் விட்டாய்? பழைய காலத்து விஷயம் என்று நினைத்திருப்பாய். ஆங்கிலம் ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 சொல். அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் உட்கார்ந்து தேறியது. தமிழ் லோயரும் முடித்திருக்கிறாய். தொழிலாளர் துறைக்கும் ஊராட்சிக்கும் தமிழில் கடிதம் எழுத ஆள் கிடைக்காமல் அலுவலகங்கள் திண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். யூனிகோடில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுவாய் என்பதையும் சேர்த்துத் திறன்கள் பகுதியில் மேலேயே போடு.

இனி, எனக்கு மனம் கனத்த இடத்துக்கு வருகிறேன். உன் அம்மிச்சி, என் அம்மா, படுத்த படுக்கையாக இருந்தபோது நீ வேலையை விட்டு ஊருக்கு வந்து பார்த்துக்கொண்டாய். அந்த இடைவெளி தெரியக்கூடாது என்று, வேலையை விட்ட மாதத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறாய். வேண்டாம், கண்ணு. பி.எஃப். கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகியிருக்கும். பணிவிடுவிப்புக் கடிதத்திலும் இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கிற நிறுவனங்கள் உண்டு. தேதி ஒத்துப்போகவில்லை என்றால், பதிவேடுகளைப் பார்க்கப்போகிற ஒருவரின் தாளிலேயே பொய் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘குடும்பத்தில் மூத்தவரைக் கவனித்துக்கொள்வதற்காக இடைவெளி, இக்காலத்தில் டாலி பயிற்சி முடித்தேன்’ என்று ஒரு வரி போதும். அம்மிச்சிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இரவில் நீ படித்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அதைக் கேவலமாக நினைக்கிற இடத்தில் நீ வேலை பார்க்கவும் வேண்டாம்.

அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை எல்லாவற்றையும் எடுத்துவிடு. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் இட ஒதுக்கீட்டுக்காகச் சாதி கேட்பார்கள், அது வேறு. தனியார் அலுவலகத்துக்கு இது எதற்கு? ஆதார் எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் பயோடேட்டாவில் போடாதே. அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. முழு முகவரியும் வேண்டாம், குரோம்பேட்டை, சென்னை என்றால் போதும். கடைசியில் இருக்கிற ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ உறுதிமொழியையும், கேட்டிருந்தால் ஒழிய, நீக்கிவிடலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் மேலே நிற்கிறது. அதைக் கீழே இறக்கிவிட்டு, கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் கொண்டு வா.

கிண்டி நிறுவனத்தின் விளம்பரத்தை மறுபடியும் படி. வரவேற்பு, பயண ஏற்பாடு, சப்ளையர் பில் என்று கேட்டிருக்கிறார்கள். பயண டிக்கெட் எடுத்ததும் சப்ளையர் பில்களைச் சரிபார்த்ததும் உன் அனுபவத்தில் இருக்கின்றன. அவர்கள் பயன்படுத்திய சொற்களையே நீயும் பயன்படுத்து. இப்போது பல இடங்களில் கணினியே சொற்களைத் தேடித் தாள்களைப் பிரிக்கிறதாம். அதனால் கட்டம், இரண்டு நெடுவரிசை, சின்னச் சின்னப் படம் என்று அலங்கரிக்காதே. அவை இருந்தால் கணினி வரிகளை மாற்றிப் படித்துவிடக்கூடும். பி.டி.எஃப். ஆக்கி, கோப்புக்கு உன் பெயரையும் பதவியின் பெயரையும் வை. ‘புதியது கடைசி 2’ என்ற பெயரோடு எனக்கு வந்த கோப்பு அப்படியே அங்கே போய்விடக்கூடாது.

மாதப் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் இருக்கிறது. இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை. மற்ற வேலைகளுக்கு மன்னிப்பார்களோ என்னவோ, கடிதம் எழுதவும் பதிவேடு பார்க்கவும் ஆள் தேடுகிறவர் இந்தத் தாளையே உன் வேலையின் மாதிரியாக எடுத்துக்கொள்வார். அச்செடுத்து, பேனாவால் ஒவ்வொரு வரியையும் தொட்டுத் தொட்டுப் படி.

பரிந்துரைக்கு உன் பழைய அலுவலகத்துக் கணக்காளர் அக்காவின் பெயரைப் போட்டிருக்கிறாய். அவரிடம் கேட்டுவிட்டாயா? கேட்காமல் எண்ணைக் கொடுக்காதே. பேசும்போது ஏ.சி. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு நீ மூன்று இடத்தில் விலை கேட்டுக் குறைத்த தொகை எவ்வளவு என்றும் கேள், அவரிடம் கணக்கு இருக்கும். அந்தத் தொகையையும் சேர்த்து வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. நான் இரவே படித்துவிட்டுப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா