ஆங்கிலம் கற்பிக்கும் கருவிகள் பிள்ளைகளின் குரலையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்னும் கணினி ஆய்வகம் வந்துவிட்டது, தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை, 2019ல் கல்வித் தொலைக்காட்சியும் வந்தது. இதையெல்லாம் குறை சொல்ல எழுதவில்லை. கரும்பலகையும் சாக்பீஸும் மட்டுமே இருந்த வகுப்பில் ஆங்கிலம் நடத்தியவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும். ஆனால் இவை பிள்ளைகளிடம் பேசிக்கொண்டே இருக்கின்றன, பிள்ளைகளைப் பேச விடுவதில்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தால் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மா அழகாகப் பேசுவார், படம் ஓடும், கீழே வரியும் ஓடும், பிள்ளை அந்த வரியைப் படித்துவிட்டு சரியான விடையைத் தட்டிவிடும். பத்துக்குப் பத்து. காது வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாது, வாய் திறக்கவே இல்லை.

பேசச் சொல்லி மதிப்பெண் போடும் செயலிகளும் இருக்கின்றன, சரி. நான் பார்த்தவரை அவை தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் ஆங்கிலத்தில் உள்ள சொற்களைத் (pin, bin) தமிழில் எழுதினால் இரண்டுமே 'பின்'. நம் எழுத்தில் இல்லாத இந்த வேறுபாட்டைக் காதில் ஏற்றத் தனிப் பயிற்சி வேண்டும். இந்தியில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு இது சிக்கலே இல்லை, அவர்களுடைய தொல்லை ஸ்கூலுக்கு முன்னால் ஒரு 'இ' சேர்ப்பது (நம்மிலும் பலர் சேர்க்கிறோம், அது வேறு விஷயம்). போட்டோகிராப் என்பதில் முதல் அசை அழுந்தும், போட்டோகிராபர் என்றால் அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விடும்; தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் பொருள் மாறாது என்பதால் நம் காது அதைத் தேடுவதே இல்லை. இந்தியா முழுவதற்கும் ஒரே பாடம் என்று தயாரித்தால் இதெல்லாம் எங்கே வரும்?

டேப் ரெக்கார்டர் காலத்து மொழி ஆய்வகங்களில்கூட ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஆசிரியர் குரலைக் கேட்டு, தானும் சொல்லிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கலாம். தன் குரலைக் கேட்கும் பிள்ளை முதலில் சிரிக்கும், அப்புறம் தானாகவே திருத்திச் சொல்லும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், சாதாரண செல்போன் போதும். நான் பார்த்த புதிய மென்பொருள்களில் இதைக் காணோம்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இதைக் கையில் எடுக்க வேண்டும். வகுப்பெடுக்கும் ஆங்கில ஆசிரியர்களையே குரல் கொடுக்க வைத்து, சந்தை, பஸ், ரேஷன் கடை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த இடங்களில் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுக்கலாம். பெற்றோர் சம்மதத்துடன் குமரி முதல் ஓசூர் வரை பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்து மென்பொருள் செய்பவர்களிடம் கொடுக்கலாம். பெரியவர்கள் குரலில் பழகிய மென்பொருள் சின்னப் பிள்ளைகளின் குரலில் தடுமாறத்தான் செய்யும், பிழை இல்லாமல் பேசினாலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். எல்லாமே நெட் இல்லாமலும் ஓட வேண்டும்.

இன்னொன்று. எங்கள் பள்ளியில் ஹைடெக் லேப் பெரும்பாலும் எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவுக்கும் ஆன்லைன் தேர்வுக்குமே திறக்கிறது. ஆங்கிலம் பேசுவதற்கென்று வாரத்துக்கு இரண்டு பீரியடாவது கால அட்டவணையிலேயே போட்டுக் கொடுக்கும்படி பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.