போர்வைக்காரரும் ஒரு தவணை அட்டையும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பள்ளி வாசலில் நடந்தது உங்களில் சிலருக்கு நேரில் தெரியும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரியும். இரண்டு கதையும் ஒன்றாக இல்லை. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மேலூர்ப் பக்கத்து ஊர்களில் பைக்கில் போர்வை அடுக்கி விற்க வரும் வடநாட்டுப் பையன்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்படி ஒருவர் பள்ளி விடும் நேரத்தில் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்திருக்கிறார். அன்று காலையிலிருந்தே "பிள்ளை பிடிக்கிற கும்பல் மதுரைக்குள்ள வந்திருக்கு" என்று ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. யார் பேசியது, எந்த ஊரில் நடந்தது, என்றைக்கு நடந்தது, எதுவும் அதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றிப் பெருங்கூட்டம். அவருக்குத் தமிழ் சரியாக வராததே குற்றமாகிவிட்டது. ஒருவர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது போர்வைக் கட்டு ரோட்டில் கிடந்தது.

அப்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இந்த அண்ணன்தான் எங்க அப்பத்தாவுக்குத் தவணைக்குப் போர்வை கொடுத்தாரு" என்றாள். "பேசாம இரு புள்ள" என்று ஓர் அதட்டல். அவள் விடவில்லை. வீடு அடுத்த தெரு. ஓடிப்போய்த் தவணை அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். வாரவாரம் கட்டிய பணமும் தேதியும் அதில் வரிசையாக இருந்தன. உடனே ஓர் அம்மா, "ஆமா, எங்க வீட்டுக்கும் வருவாரு" என்றார். அப்புறம் இன்னொரு பெரியவர். இவர்கள் இரண்டு பேரும் அதுவரை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம், கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை, இதே மாதிரி வதந்தியை நம்பி அடித்தே கொன்றார்கள். அங்கே கூடியவர்களும் நம்மைப் போலப் பிள்ளை பெற்றவர்கள்தான்.

மறுநாள் எங்கள் அறிவியல் ஆசிரியை ஆசிரியர் அறையில் ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னார். 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் செய்தது. ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவர் ஏற்பாடு செய்த ஆட்கள். வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலை ஒருவர் பின் ஒருவராகச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டுப் பதில் சொன்னவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். படித்தவர்கள், கல்லூரி மாணவர்கள்! கண்ணில் கோளாறு இல்லை. தனித்துத் தெரியக் கூச்சம், இல்லையென்றால் நமக்குத்தான் தெரியவில்லையோ என்ற சந்தேகம்.

எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும், தப்புகள் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் வெகுவாகக் குறைந்தன.

கூட்டத்தோடு போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கரையில் கூட்டம் நகரும் பக்கம் நகர்வதுதான் புத்தி. எதிர்த்து நடந்தால் மிதிபட வேண்டியதுதான். எங்கே சேர்ந்து போகலாம், எங்கே நின்று கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வகுப்பில் "விடை தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றால், பாதிப் பிள்ளைகள் முதல் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கை தூக்குகிறார்கள். இனி எல்லா வகுப்பிலும் முதலில் நோட்டில் விடையை எழுதிவிட்டு, அப்புறம்தான் கை தூக்க வேண்டும். தப்பாக எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தலாம், ஆனால் அழிக்கக் கூடாது. நோட்டில் அடித்தல் திருத்தல் அதிகமாக இருந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டால், அதை எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத குரல் பதிவை அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பள்ளிக்கோ காவல் நிலையத்துக்கோ போன் செய்யுங்கள். ஆளைச் சுற்றி வளைக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாக ஒரு விஷயம். பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்று கேட்டால், பலர் "எல்லாரும் எடுக்கிறதையே எடுக்கட்டும் சார்" என்கிறீர்கள். கணக்கு என்றாலே காய்ச்சல் வரும் பிள்ளை, தெருவில் எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காக முதல் குரூப்பில் உட்கார்ந்து இரண்டு வருடம் படும் பாட்டை நாங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்க்கிறோம். வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம். வந்ததும் பிள்ளைக்கு ஒரு தாள், உங்களுக்கு ஒரு தாள் தருவோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் குரூப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு. எழுத வராதவர்கள் கவலைப்பட வேண்டாம்; வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் அவர் எழுதிக்கொள்வார். அம்மா, அப்பா, தாத்தா, அப்பத்தா, யார் வந்தாலும் சரி. பேனா மட்டும் கையோடு கொண்டுவாருங்கள், இங்கே பத்தாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்