ஆறாம் படிவப் பிள்ளைகளின் நேரத்தை அவர்களிடமே விடுங்கள்

இங்கிலாந்தில் ஆறாம் படிவத்தில், அதாவது பதினாறு முதல் பதினெட்டு வயது வரையிலான இரண்டாண்டுப் படிப்பில், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், அவர்களுக்காக வார இறுதி ரியூசன் வகுப்புகளை நடத்தும் நிலையங்களின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

வடமேற்கு லண்டனில் ஆறாம் படிவ மாணவருக்கு இரசாயனவியல் கற்பிப்பவள் என்ற முறையில் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ தேர்வு வரை நம் பிள்ளைகளுக்குக் கைகொடுத்த ரியூசன் ஒழுங்கை அப்படியே ஆறாம் படிவத்தின் ஏ லெவல் தேர்வுக்கும் நீட்டாதீர்கள். ரியூசனே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஊரில் உயர்தரம் எடுத்த நம்மில் பலர் ரியூசன் கொட்டில்களில் வளர்ந்தவர்கள்தாம். தானாகப் படிக்கப் பழகுவதற்கென்று ஒதுக்கப்பட்ட இரண்டு ஆண்டுகளில், அந்தப் பழக்கத்துக்கு இடமில்லாமல் போவதே என் கவலை.

மூன்று பாடம் எடுக்கும் பிள்ளைக்குப் பாடமொன்றுக்கு வாரம் நான்கு, ஐந்து மணி நேரமே வகுப்பு இருக்கும். அட்டவணையின் மீதிக் கட்டங்கள் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பல பெற்றோர், பள்ளிக்கூடம் பிள்ளையைச் சும்மா விட்டிருக்கிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வெறுமையும் பாடத்திட்டத்தின் பகுதிதான். 2015 செப்டம்பரில் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பின் முதலாண்டுத் தேர்வான ஏ.எஸ். புள்ளிகள் ஏ லெவல் பெறுபேற்றில் சேர்வதில்லை. எழுத்துத் தேர்வுகள் எல்லாம் இரண்டாம் ஆண்டின் இறுதியிலேயே வருகின்றன. இடையில் யாரும் தேர்வு வைத்து உந்தாத இத்தனை நீண்ட காலத்தில், எதை எப்போது மீட்டிப் படிப்பது, எது விளங்கவில்லை என்பதைப் பிள்ளையே கண்டறிய வேண்டும். அந்தக் கட்டங்களையும் வார இறுதியையும் இன்னோர் ஆசிரியரைக் கொண்டு நாம் நிரப்பிவிடுகிறோம்.

இதன் விளைவை என் வகுப்பில் அடிக்கடி காண்கிறேன். பித்தளைத் துண்டொன்றில் எத்தனை வீதம் செம்பு இருக்கிறது என்று அயடீன், தயோசல்பேற்று நியமிப்பின் மூலம் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்கைக் கொடுப்பேன். கடந்தகால வினாத்தாள்கள் அனைத்தையும் செய்து முடித்த மாணவர் வாசித்துவிட்டுப் பேனாவை வைத்துவிடுவார். “மிஸ், இது எந்த ரொப்பிக்?” தலைப்பைச் சொன்னதும் சில நிமிடங்களில் விடை சரியாக வந்துவிடும். அவருக்கு இரசாயனவியல் தெரியும். எதிரில் இருப்பது எந்த வகைக் கணக்கு என்று முடிவெடுக்கும் வேலையை மட்டும் இதுவரை ரியூசன் தாளின் மேலே அச்சிட்ட தலைப்பே செய்து வந்திருக்கிறது. தேர்வு மண்டபத்தில் அந்தத் தலைப்பு இராது.

ஈ.பி.கியூ எனப்படும் விரிவாக்கத் திட்டத் தகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். “பாதி ஏ லெவல்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு நேரம்?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. கணக்கு சரி: அதில் ஏ நட்சத்திரம் பெற்றால், பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிகள் 28, ஏ லெவலில் 56. ஆனால் ஏறத்தாழ 120 மணி நேரம் ஒதுக்கப்படும் அந்த வேலையில் பெரும்பகுதியை மாணவர் தனியாகவே செய்கிறார். கேள்வியைத் தானே தெரிவுசெய்து, ஆதாரங்களைத் தேடி, ஏறக்குறைய 5000 சொற்களில் எழுதி, ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தேன் என்று பதிவேட்டில் குறித்து, இறுதியில் ஒரு சபை முன் விளக்க வேண்டும். “நீர் மாசடைதல்” என்று கடல் போன்ற தலைப்போடு வரும் மாணவி ஒருத்தி, அதைச் சுருக்கிச் சுருக்கி, இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளைப் பல்லாண்டுகளாக வாட்டும், காரணம் இன்னும் அறுதியாகத் தெரியாத சிறுநீரக நோயில் வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். ஓர் ஆய்வு நீரின் வன்மையையும் புளோரைட்டையும் சுட்டும். இன்னொன்று விவசாய இரசாயனங்களை. வேறொன்று வெயிலில் உடல் நீரிழப்பதை. “எது சரி?” என்று அவள் கேட்டால் நான் சொல்லக் கூடாது, சொல்லவும் முடியாது. எந்த ஆய்வு எத்தனை பேரை எடுத்தது, எதை அளக்காமல் விட்டது என்று அவளே உட்கார்ந்து பார்க்கும் அந்த மாலைகள், வீட்டில் இருப்போருக்கு வீணான நேரமாகத் தோன்றலாம். பல்கலைக்கழகத்தில் முதல் மாதத்திலேயே அவளிடம் எதிர்பார்க்கப்படுவது அதுதான். 2026 அனுமதியிலிருந்து விண்ணப்பத்தோடு எழுதும் யூகாஸ் தன்விளக்கமும் மூன்று கேள்விகளாகிவிட்டது; உங்கள் படிப்பு இந்தத் துறைக்கு உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது என்பது அவற்றில் ஒன்று.

வேலைமுறை மாறி மாறி வரும் வீடுகளில், ஓர் அறையை இருவர் மூவர் பகிரும் பிள்ளைகளுக்கு, ரியூசன் நிலையத்தின் மேசைதான் அமைதியான ஒரே இடம் என்பதையும் அறிவேன். ஆகவே நிர்வாகிகளிடம் கேட்கிறேன்: ஞாயிறு வகுப்புகளில் ஒன்றையாவது நிறுத்தி, அந்த அறையை யாரும் பாடம் நடத்தாத படிப்பறையாகத் திறந்துவிடுங்கள். மேற்பார்வைக்கு ஒருவர் இருக்கட்டும். கேள்வி கேட்டால் விடையைச் சொல்லாமல், எதை வாசித்துப் பார்த்தாய் என்று மட்டும் கேட்கட்டும். கற்பிக்காத நேரத்துக்குக் கட்டணமா என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். பெற்றோரே, அந்தச் சிறு கட்டணத்தை மறுக்காமல் கொடுங்கள். ஆறாம் படிவத்தின் முதலாண்டான பன்னிரண்டாம் ஆண்டின் முதல் தவணையிலாவது, பிள்ளை தானே எழுதிய வார அட்டவணையைத் திருத்தாமல் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

இங்ஙனம்,
ஆறாம் படிவ இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
வடமேற்கு லண்டன்