ஆட்டிறைச்சிக் கறிக்கு எந்த வைன்?

திருகோணமலை,
ஆனி மாதம்.

அன்பு மகளுக்கு,

இங்கே கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வாசல் கதவைத் திறந்தால் அடுப்புக்கு முன்னால் நிற்கிறது போல இருக்கிறது. நீ அங்கே மெல்பேர்ண் குளிரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஆறு பேருக்கு ஆட்டிறைச்சி சமைக்கப் போகிறாய். எந்தச் சிவப்பு வைன் வைப்பது என்று கேட்டாய். தொலைபேசியில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கி வைத்திருக்கிற, 15 வீத மதுசாரமுள்ள பரோசாப் பக்கத்து ஷிராஸ் என்ற சிவப்பு வைன் சனிக்கிழமை மேசைக்கு வேண்டாம். அது கெட்ட வைன் இல்லை. உப்பும் மிளகும் மட்டும் போட்டு நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சிக்கு அது அருமையாகப் பொருந்தும், எடுத்து வை. சனிக்கிழமைக்கு விக்டோரியாவின் மேற்குப் பகுதியில் உள்ள கிராம்பியன்ஸ் மலைப்பக்கத்து ஷிராஸ் இரண்டு போத்தல் வாங்கு. லேபிளில் 13, 13.5 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் யாரா பள்ளத்தாக்கின் பினோ நுவார், அதுவும் சிவப்புத்தான்.

இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்று கடையில் சொல்லுவார்கள். அது இறைச்சியை இறைச்சியாகவே சாப்பிடுகிறவர்களுடைய கணக்கு. நாங்கள் சாப்பிடுவது குழம்பை, இறைச்சி அதற்கு ஒரு சாட்டு. ஆகவே சட்டியைத் திறந்ததும் ஆடா மாடா என்று பார்க்காதே. எவ்வளவு உறைப்பு, எவ்வளவு புளி, எவ்வளவு பால், கறித்தூள் எவ்வளவு வறுபட்டது, இந்த நாலையும் பார். வைன் இந்த நாலோடுதான் ஒத்துப்போக வேண்டும்.

உறைப்பில் தொடங்குவோம், அதிலேதான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். மிளகாயின் உறைப்பு ஒரு சுவை அல்ல. சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது தட்டி எழுப்புகிறது. அந்த முனைகள் வழமையாக 42 பாகைக்கு மேல் சூடு பட்டால்தான் விழிக்கும். மதுசாரம் அந்த எல்லையை 34 பாகை அளவுக்கு இறக்கிவிடுகிறது. உன் வாயின் சொந்தச் சூடே அதற்கு மேல். மிளகாய் எரிக்கிற வாயில் 15 வீத வைனை ஊற்றினால் ஏன் இரட்டிப்பாக எரிகிறது என்று இப்போது விளங்கும். பத்துப் பன்னிரண்டு டொலர் கூடக் கொடுத்தாலும் அந்த எரிவு குறையாது. வீதம்தான் குறைய வேண்டும்.

அடுத்தது துவர்ப்பு. சிவப்பு வைனைப் பற்றிப் பேச நமக்குப் புதுச் சொல் தேவையில்லை, அறுசுவையில் ஒன்று அது. வாழைக்கச்சல், பாக்கு, கடுஞ்சாயப் பிளேன்ரீ எல்லாம் அந்த இனம். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிற டனின் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் வாய் வறண்டு முரடாகிறது. பிளேன்ரீக்குள் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறதே, பால் புரதம் டனினைப் பிடிப்பதால்தான். கொழுப்புள்ள இறைச்சியும் அதே உதவியைச் செய்யும். ஆனால் மிளகாயும் மாசிக் கருவாடும் எதிர்ப்பக்கம். உறைப்பு துவர்ப்பை முரடாக்கும், மாசியின் ருசி அதைக் கசப்பாக்கும். மாசிச் சம்பலோடு துவர்ப்புக் கூடிய கபர்னே சோவின்யோனைக் குடித்துப் பார்த்தால் இரும்பை நக்கினது போல இருக்கும்.

சமைத்து முடிந்ததும், ஆட்கள் வருவதற்கு முன்னால், ஒரு சோதனை செய். குழம்பில் அரை மேசைக்கரண்டி எடு. கொதிக்கக் கொதிக்க வேண்டாம், ஊதி ஆற்று. இறைச்சி வேண்டாம், குழம்பு மட்டும். வாய்க்குள் எல்லா இடத்திலும் படவிட்டு விழுங்கி, மனதுக்குள் பத்து எண்ணு. பிறகு வைனில் ஒரு சின்ன மிடறு. நாக்கின் நடுவில் முதலில் பழச்சுவை வர வேண்டும், அதற்குப் பின்தான் பக்கங்களில் புளிப்பு ஊற வேண்டும். பழம் வராமல் நேரே நாக்கு நுனி எரிந்தால் மதுசாரம் கூட, அல்லது வைன் சூடு. பல் முரசோடு உதடு ஒட்டினால் துவர்ப்பு கூட. வைன் தண்ணீர் போலத் தட்டையாக இருந்தால் உன் கறியில் புளி கூடிவிட்டது. சாப்பாட்டுப் புளிப்பை விட வைனின் புளிப்பு ஒரு படி மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அது செத்துப்போகும். இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் திருத்தலாம்.

ஏன் கிராம்பியன்ஸ் என்று கேட்பாய். குளிர்ப்பக்கத்து ஷிராஸில் மிளகு மணக்கும். அது கற்பனை இல்லை. ரொட்டண்டோன் என்ற பொருள் அந்தத் திராட்சைத் தோலில் இருக்கிறது. நம் கறுப்பு மிளகுக்கு மணம் கொடுப்பதும் அதே பொருள்தான். அடிலெயிட்டில் உள்ள ஒஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் இதைக் கண்டு வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேரில் ஒருவருக்கு அந்த மணம் மூக்கில் ஏறவே ஏறாது. உன் மேசையில் ஒருவர் “மிளகா? எங்கே?” என்று கேட்டால் வாதாடாதே.

இன்னும் இரண்டு உறவு இருக்கிறது. வாட்டிய ஓக் பீப்பாயிலிருந்து வைனுக்குள் இறங்கும் யூஜினோல்தான் கராம்பின் மணமும். அமெரிக்க ஓக் பீப்பாய் தேங்காய் மணத்தையும் கொடுக்கும். ஆக மிளகு, கராம்பு, தேங்காய் மூன்றும் கறியிலும் உண்டு, கிளாசிலும் உண்டு. இந்தச் சொந்தத்தை நம்பித்தான் வைனைத் தேர்கிறோம். ஆனால் பீப்பாய் மணம் தூக்கலான வைனில் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். லேபிளில் ‘புது ஓக்’ என்று பெருமை பேசினால் அதைக் கடைத் தட்டிலேயே விடு.

இனிக் கறி. வைனுக்காகச் சமையலைக் கெடுக்கச் சொல்லவில்லை, உறைப்பை மிளகாயிலிருந்து மிளகுக்கு மாற்றச் சொல்கிறேன். எலும்போடு ஒன்றரைக் கிலோ ஆடு. வழமையாக நாலு மேசைக்கரண்டி தூள் போடுவாய், இரண்டு போடு. புதிதாக இடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி, வறுத்து இடித்த பெருஞ்சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, கராம்பு ஐந்து, ஏலக்காய் நாலு, விரலளவு கறுவா, சின்ன வெங்காயம் 250 கிராம், உள்ளி எட்டுப் பல்லு, இரண்டு அங்குல இஞ்சி, ரம்பை, கறிவேப்பிலை. தூள் குறைந்தால் நிறமும் தடிப்பும் குறையும். அதற்கு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவைச் செம்மண் நிறம் வரும்வரை வறுத்து அரைத்துச் சேர். கறுக்க விடாதே. கருகின தேங்காயின் கசப்பு வைனின் துவர்ப்போடு கூட்டுச் சேர்ந்துவிடும். கப்பிப்பால், அதாவது இரண்டாம் தேங்காய்ப்பால், 600 மில்லிலீற்றரில் மூடி, மெல்லிய நெருப்பில் ஒன்றேகால் மணித்தியாலம் அவியவிடு. முதற்பால் 200 மில்லிலீற்றர் கடைசிப் பத்து நிமிடத்தில். பழப்புளி வேண்டாம், இறக்கின பிறகு அரைத் தேசிக்காய் போதும். கறிக்குள் வைன் ஊற்றும் யோசனை வந்தால் கைவிடு, அதன் புளிப்பு பாலைத் திரையப் பண்ணும்.

உறைப்புக் கேட்கிறவர்களுக்குக் கட்டச் சம்பலைத் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் வை. சீனிச் சம்பலை மேசைக்கே கொண்டுவராதே. இனிப்புக்குப் பிறகு இனிப்பில்லாத எந்த உலர் வைனும் புளித்துக் கசக்கும்.

சூட்டைப் பற்றி இரண்டு வரி. சிவப்பு வைனை ‘அறை வெப்பத்தில்’ வைக்க வேண்டும் என்பது ஐரோப்பாவில் ஹீட்டர் இல்லாத கல் வீடுகளுக்குச் சொன்னது, 16 முதல் 18 பாகை. உன் ஹோலில் 22 இருக்கும். கிராம்பியன்ஸ் ஷிராஸை 15, 16இலும் பினோ நுவாரை 13, 14இலும் கொடு. பிரிட்ஜில் ஒரு மணித்தியாலம் அளவில் வை, பினோவுக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், பத்து நிமிடம். ஐஸ் மட்டும் போட்டால் போத்தலைச் சுற்றி இடையிடையே காற்று நிற்கும், குளிர் மெதுவாகத்தான் ஏறும். மிதமிஞ்சிக் குளிர்ந்தால் துவர்ப்பு முன்னுக்கு வந்து பழம் ஒளிந்துகொள்ளும். அப்போது கிளாசைக் கையால் பொத்திப் பிடி, ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும்.

கிளாஸ்களை முதலில் வெறுமையாக முகர்ந்து பார். பாதி வீடுகளில் வைனைக் கெடுப்பது சவர்க்கார மணமும் அலுமாரி மணமும்தான். சுடுதண்ணீரில் அலசித் துணியால் துடை, கறிச்சட்டி துடைத்த துணியால் அல்ல. வைனை முகர்ந்து பார்ப்பதைத் தாளிப்பதற்கு முன்னால் முடித்துவிடு. கறிவேப்பிலை எண்ணெய்யில் விழுந்த பிறகு அரை மணித்தியாலத்துக்கு உன் மூக்கை நம்ப முடியாது. சாம்பிராணி போட்ட வீட்டிலும் அப்படித்தான்.

ஊற்றும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதே. முதலில் சுழற்றாமல் முகர், பிறகு சுழற்றி முகர். நனைந்த கடதாசி மட்டை மணம் வந்தால் தக்கை கெட்டது, அதற்கு மருந்து இல்லை. கடைக்குத் திருப்பிக் கொடு, மாற்றித் தருவார்கள். திருகு மூடிப் போத்தலில் அந்தத் தொல்லை இராது என்றே சொல்லலாம், ஆனால் சில வேளை அணைத்த தீக்குச்சி, கூழ்முட்டை மணம் வரும். அது கெட்டதல்ல, மூச்சு முட்டினது. ஒரு யக்கில் ஊற்றி இருபது நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு மணம், வினாகிரி மணம் என்றால் பிடிவாதம் பிடிக்காதே, கொட்டு.

மற்றக் கறிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோழிப் புரட்டலுக்கும் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறியோடு வரும் பிட்டுக்கும் கிரெனாஷ் என்ற சிவப்பு வைன் நல்லது. தோல் மெல்லியது, துவர்ப்புக் குறைவு. ஆனால் மக்லாரன் வேல் பக்கத்துக் கிரெனாஷ் 14.5 வீதத்துக்கு இலகுவில் ஏறிவிடும், லேபிளைப் பார்த்து வாங்கு. ரசமும் புளிக்குழம்பும் உள்ள நாளில் சன்ஜொவேசே, அதற்குப் புளிப்பு உண்டு. மாட்டிறைச்சியை மிளகில் புரட்டினால் அந்தப் பரோசா போத்தலைத் திறக்கலாம், மிளகாய் போடாமல். மீனுக்குச் சிவப்பு வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. வைனில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்து வெடில் மணத்தைக் கிளப்பும். சாளை, கும்பளாவோடு நிச்சயம் கெடும். கொழுப்பில்லாத கணவாயைக் கறுக்க வறுத்த தூளில் சமைத்தால் குளிர்ந்த பினோ நுவார் தாங்கும். நண்டுக் கறிக்கு எதையும் திறக்காதே, இரண்டு கையும் ஓடுடைக்கத்தான் வேண்டியிருக்கும்.

ஆறு பேருக்கு இரண்டு போத்தல் போதும். ஒருவருக்கு 250 மில்லிலீற்றர். 13.5 வீதப் போத்தல் ஒன்றில் அங்கத்தைய அளவுக்கு ஏறக்குறைய எட்டு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ (ஒன்று 10 கிராம் மதுசாரம்) இருக்கிறது, ஆகவே ஒவ்வொருவருக்கும் இரண்டரைக்கு மேல் வரும். கார் ஓட்டுகிறவருக்கு இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் என்ற எல்லை நினைவிருக்கட்டும். அவருக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வை.

மிஞ்சினதைப் பெரிய போத்தலிலேயே விடாதே. 375 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, ஆட்கள் இருக்கும்போதே கழுத்துவரை நிரப்பி மூடிப் பிரிட்ஜில் வை. காற்றுப் படாவிட்டால் மூன்று நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சின கறியைப் பாணோடு சாப்பிடும்போது அதை எடு. அடுத்த நாள் குழம்பில் கூர் மழுங்கியிருக்கும், வைனுக்கு அது இன்னும் வசதி.

மார்கழியில் வரும்போது எனக்கென்று போத்தல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலிருந்து இங்கே வரும்வரை வான் வண்டியின் பின்பக்கத்தில் போடாதே, காலடியில் வை. வெயிலில் நின்ற வானுக்குள் போத்தல் வெந்துவிடும், தக்கை மேலே தள்ளும், வைன் முந்திரிகை வற்றல் போல மணக்கும். சனிக்கிழமை அந்தக் குழம்புச் சோதனையில் மூன்றில் எது வந்தது என்று மட்டும் எழுது. அம்மா தூள் இடித்து வெயிலில் காயவிட்டிருக்கிறா, அடுத்த கிழமை பார்சல் வரும். அது பழைய தூளை விட உறைப்பு, அளவைப் பார்த்துப் போடு.

அன்புடன்,
அப்பா