‘குளிருதா?’ என்று கேட்டவருக்கு

அன்பு உறவுகளே,

விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அம்மா நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது சோபாவில் சாய்ந்துகொண்டு, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தக் குறையைக் கேட்க நான் எத்தனை நாள் ஏங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும். நடந்ததைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நாள் தவறாமல் போன் எடுத்துக் கேட்ட உங்களுக்கு அது தேவையுமில்லை.

மொன்றியலில் இருந்து பனிக்குள் கார் ஓடிவந்து புட்டும் மீன்குழம்பும் தந்துவிட்டுப் போன அண்ணாமார், எங்கள் ஊரான சிக்கூத்திமியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டார், கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியவர்கள், பெயர் சொல்லாமல் காசு அனுப்பியவர்கள், அம்மா கிடந்த கியூபெக் நகர ஓத்தெல்-டியூ ஆஸ்பத்திரியின் டாக்டர்மார், தாதிமார், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஒருவருக்கு மட்டும் இங்கே தனியாக எழுத வேண்டும். அவர் டாக்டருமில்லை, தாதியுமில்லை. படுக்கை மாற்றி, உடம்பு துடைத்துவிடும் இரவு நேர உதவியாளர். ஐம்பது வயதிருக்கும். அம்மாவுக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. இரவில் நான் பக்கத்தில் நிற்கவும் ஏலாது. மூன்றாம் நாள் நான் வெளிக்கிடும்போது அந்தப் பெண் ஒரு கடதாசியை நீட்டினார். “நோகிறதா, தண்ணீர் வேண்டுமா, குளிர்கிறதா, இந்த மூன்றையும் உங்கள் மொழியில் எப்படிக் கேட்பது?” நான் சொல்லச் சொல்லப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிட்டு, நாலைந்து தரம் எனக்குச் சொல்லிக் காட்டினார்.

‘நோகுதா’ நன்றாகவே வந்தது. ‘குளிருதா’தான் வில்லங்கம். பிரெஞ்சுக்காரருக்கு ரகரம் தொண்டைக்குள் இருந்துதானே வரும். இரவு இரண்டு மணிக்கு அவர் “குளிக்குதா?” என்று கேட்க, அம்மா திடுக்கிட்டு, “இந்தச் சாமத்திலை ஆர் பிள்ளை குளிக்கிறது?” என்றிருக்கிறார். பிறகு அவர் தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டியதும் விளங்கி, அம்மா சிரித்திருக்கிறார். விழுந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. காலையில் இதைச் சொல்லும்போதும் சிரித்தார். நான் வெளியே போய் அழுதேன்.

அந்த நாட்களில் நான் தங்கியது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, அகுஸ்தீன் சபைக் கன்னியரின் பழைய மடத்தில். 2015 முதல் அது அருங்காட்சியகமும் விடுதியும். நோயாளிகளோடு வருகிறவர்களுக்கும் இடம் கொடுக்கிறார்கள். காலைச் சாப்பாட்டை அங்கே பேசாமல் சாப்பிட வேண்டும். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அந்த அரை மணித்தியாலம் எனக்குப் பெரிய ஆறுதல்.

நித்திரை வராத நேரங்களில் அந்த மடத்தின் கதையை வாசித்தேன். பிரான்சின் முதலமைச்சராயிருந்த ரிஷ்லியூ கர்தினாலின் சகோதரி மகளான எகுய்யோன் சீமாட்டி 1637-ல் இந்த ஆஸ்பத்திரிக்கு மூலதனம் கொடுத்தார். 1639 ஓகஸ்ட் 1-ம் திகதி, பிரான்சின் தியெப் நகரிலிருந்து புறப்பட்ட மூன்று கன்னியர் இங்கே கரையிறங்கினார்கள். மெக்சிக்கோவுக்கு வடக்கே இந்தக் கண்டத்தில் எழுந்த முதல் ஆஸ்பத்திரி இது. இறங்கிய கையோடு பெரியம்மை. முதல் குளிர்காலத்துக்குள்ளேயே நூறுக்கு மேற்பட்ட நோயாளிகள், பெரும்பாலும் இங்குள்ள ஆதிக்குடிகள். அந்த நோயைக் கொண்டுவந்ததும் ஐரோப்பியக் கப்பல்கள்தான். கன்னியர் மதம் மாற்றும் எண்ணத்தோடும் வந்தார்கள். இதையெல்லாம் மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

ஆனால் வாசிப்பில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அவர்கள் நோயாளிகளின் மொழியைப் படித்திருக்கிறார்கள். 1648-ல், பதினாறு வயதில் வந்து, முப்பத்தாறு வயதில் இங்கேயே இறந்துபோன கத்தரின் என்ற கன்னியரும் படித்தார். 1989-ல் அருளாளர் பட்டம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு முந்திய படி, பெற்றவர் அவர். முதலில் என்ன சொல்லைப் படித்திருப்பார்? செபமாக இருக்கலாம். எனக்கென்னவோ ‘நோகுதா’ என்பதாகத்தான் இருக்கும் என்று படுகிறது. காய்ச்சலில் கிடக்கிறவரிடம் வேறு எதைக் கேட்பது?

1755-ல் ஆஸ்பத்திரி எரிந்து திரும்பக் கட்டப்பட்டது. 1759-ல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தார்கள். அதற்கெல்லாம் தாக்குப் பிடித்த கன்னியர் கியூபெக் முழுக்கப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளை நிறுவினார்கள். 1884-ல் தொடங்கிய எங்கள் சிக்கூத்திமி ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. இத்தனை வருடம் அதன் வாசலால் போய்வந்தும் எனக்குத் தெரியாது.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் பெரிதாக அதிசயப்படவில்லை. “எங்கடை மானிப்பாயிலை கிறீன் டொக்டர் தமிழ் படிச்சு, தமிழிலையே வைத்தியம் படிப்பிச்சவரெல்லோ” என்றார். உண்மைதான். அமெரிக்காவிலிருந்து 1847-ல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் துறவியல்ல, அமெரிக்க மிஷனின் வைத்தியர். மருத்துவ நூல்களையே தமிழில் ஆக்கினார். அம்மா பிறந்தது அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியில்.

வரும் மாதத்திலிருந்து, தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிகளுக்குப் போனில் மொழிபெயர்த்து உதவ நான் தயார். எந்தச் சாமமென்றாலும் எடுங்கள். என் இலக்கம் உங்களிடம் இருக்கிறது.

அந்தக் கடதாசியை அம்மா கட்டிலிலிருந்து கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். இப்போது அது எங்கள் பிரிட்ஜ் கதவில். இன்று காலை, “நோகுதா எண்டதைப் பிரெஞ்சிலை எப்பிடிக் கேக்கிறது? தமிழிலை எழுதித் தா” என்றார். ஏன் என்று கேட்டேன்.

“அந்தப் பிள்ளை குனிஞ்சு நிமிரேக்கை இடுப்பைப் பிடிக்கிறவ. அடுத்த முறை போகேக்கை கேக்கவேணும்.”